சத்தம் வராதா

ஓசூரில் கடைசல் எந்திரத்தின் அடியில்
ஷிப்ட் முழுக்க உதிரும் இரும்புத்தூளைக்
காகிதத்தில் மடித்து எடுத்து வருகிறேன்.
சூப்பர்வைசருக்குத் தெரியும். கேட்டதில்லை.
குப்பைதானே என்பது அவர் கணக்கு.
சூளகிரி தாண்டும்போது, மடியில் கனக்கும்
அந்தக் கால் கிலோவில்
எத்தனை பொறி இருக்கும் என்று
எண்ணத் தொடங்கித் தூங்கிப்போவேன்.

வீட்டில் ஒரு சல்லடை போயிற்று.
கேழ்வரகு சலித்த சல்லடை.
"இனிமே இதுல மாவு சலிச்சா
களி தின்னவன் வாயில மத்தாப்புதான்"
என்றாள் என் நாத்தனார் கௌரம்மா.
சிரித்தவள்தான்
அடுத்த வாரம் வாளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு
கூடவே கிளம்பினாள்.

நோட்டில் இருப்பது:

மாசி. வார்ப்பிரும்பு.
ஆரஞ்சு. ஒவ்வொரு பொறியும் நுனியில் கிளைக்கிறது,
முருங்கைப்பூ உதிர்கிற மாதிரி. நன்று.
பங்குனி. எஃகு. மெலிசு. அவசரக்காரி.
பங்குனி கடைசி. வெறும் கரி.
சோம்பேறிப் பொன். பாதி வானத்தில் உட்கார்ந்துகொண்டு
அணைய மனமில்லாமல் அணைகிறது.
சித்திரை. பச்சை.
வெளிறிய பச்சை, பழுக்கப் பறித்த பெங்களூரா தோல்.
வைகாசி. நீலம். வரவில்லை.
ஆனி. நீலம். வரவில்லை.
ஆனி மறுபடி. நீலம்
என்று எழுதி, அடித்து,
பக்கத்தில் வெள்ளை என்று எழுதியிருக்கிறேன்.

சிவப்பு கூப்பிட்டால் வரும்.
பச்சை பேரம் பேசும்.
செம்புக்குள் இருக்கும் நீலம் அப்படியில்லை.
சூடு குறைந்தால் எட்டிப் பார்க்காது,
ஒரு இம்மி கூடினால் வெளுத்துவிடும்.
எனக்கு அதன்மேல் கோபம் வந்ததில்லை.
நாலு பேர் சத்தமாகப் பேசும் இடத்தில்
நானும் வெளுத்துப்போகிறவள்.

வேப்பனஹள்ளி ரோட்டில் கைவிட்ட கல்குவாரி.
சுற்றிலும் அறுத்த பாறை, எரிய ஒரு புல் இல்லை,
அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்கு மழைத்தண்ணீர்.
ஆடிக்காற்று அன்று எங்கோ போயிருந்தது.
திரியை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"யாருடா கல்லுத் திருடுறது!"

திம்மராஜ், வாட்ச்மேன்.
இருபது வருஷம் இதே குழியில்
துளை போட்டு வெடி வைத்தவர்.
இடது காது அந்தப் பாறைகளோடு
லாரி ஏறிப்போனது.

கௌரம்மா வாளியை முன்னால் நீட்டினாள்,
அதுதான் ஏதோ அனுமதிச்சீட்டு என்பதுபோல.
"கல்லு இல்லண்ணா. கலரு."
"வெடியா?"
"கலரு."
எந்தக் காதில் விழுந்ததோ,
நான் தீக்குச்சி உரசியதும்
மனுஷன் பாறைக்குப் பின்னால் பாய்ந்து
குத்தவைத்து, தலையைக் கவிழ்த்து,
கண்ணை இறுக்கி, இரண்டு காதிலும் விரல் வைத்தார்.

ஏறியது.
நின்றது.
நீலம்.

வானத்து நீலம் இல்லை, மயில் இல்லை.
காஸ் அடுப்பில் தினமும் பார்த்துச்
சீண்டாமல் விட்ட நீலம்,
அப்பாடா என்று ஒருவர் மூச்சு விடும் நேரம்.
கௌரம்மா மேலே பார்க்கவே இல்லை.
தண்ணீரில் பார்த்தாளாம்.
அங்கே அது கீழிருந்து வந்ததாம்.

இருட்டு.
பாறைக்குப் பின்னால் ஆள் அசையவில்லை.
நெடுநேரம் கழித்து, விரலை எடுக்காமலே,
"இன்னும் சத்தம் வரலையே?" என்றார்.
"சத்தம் வராதுண்ணா. முடிஞ்சிருச்சு."
"வராதா?"
"வராது."

எழுந்து வந்தார். மேலே பார்த்தார்,
புகையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.
"அதே இன்னொண்ணு இருக்கா?"

இல்லை. மிச்சம் கரி உருண்டை ஒன்றுதான்.
அவர் கையை இறக்கித் தொங்கவிட்டு
நிமிர்ந்து நிற்க,
பொன் ஏறி, உட்கார்ந்து,
தன் சோம்பலோடு இறங்கியது.
பாதி வழியில் அவர் கை
காதுவரை போய்த் திரும்பியது.

ஆடி. நீலம். வந்தது.
பார்த்தவர்கள்: நான், தண்ணீர்வழியாகக் கௌரம்மா.
திம்மராஜ் அண்ணனுக்கு ஒன்று கடன்.

காலை ஐந்தரை பஸ்ஸுக்கு
கந்தக வாசனை போகவில்லை.
ஜன்னலோரத்துப் பெண் மூக்கைச் சுளித்து
நகர்ந்து உட்கார்ந்தாள்.
நல்லதாயிற்று, மடியை விரித்து
வெறும் காகிதத்தை மடிக்க இடம் கிடைத்தது.